துவைத்தால் போச்சு! ஜெய்ப்பூர் ரஜாய் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹவா மஹாலின் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து, எதிர்ப்பக்க மொட்டைமாடியில் ஏறி ஒரு போட்டோவும் எடுத்தாயிற்று. கீழே இறங்கி இருபதடி நடப்பதற்குள் ஒரு குரல் வந்துவிடும். "ரஜாய் பாருங்க மேடம், ஜெய்ப்பூரி ரஜாய்!"

உள்ளே போனால் தரை முழுக்க வெள்ளை விரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். டீ வரும். டீ ஆறுவதற்குள் உங்கள் முன்னால் பத்துப் பதினைந்து பஞ்சுப் போர்வைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இண்டிகோ நீலம், மருதாணிச் சிவப்பு, வெள்ளைமேல் சின்னச்சின்னப் பூக்கள். கடைசியாக அந்த வித்தை. இரட்டைக் கட்டில் போர்வை ஒன்றை மடித்து, உருட்டி, கைப்பை அளவுள்ள துணிப்பைக்குள் கடைக்காரர் திணித்துக் காட்டுவார். "நூறு கிராம்தான் மேடம்!"

இப்படி வாங்கி வந்த ரஜாய்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அதில் கணிசமானவை ஒரே ஒரு முறை வாஷிங் மெஷினுக்குள் போய், கட்டி கட்டியாகத் திரண்டு, இப்போது பரணில் கிடக்கின்றன. ரஜாய் மட்டம் என்று அதன்மேல் பழி. ஆனால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஜெய்ப்பூரிலேயே கொஞ்சம் கவனித்திருந்தால் அந்தப் பழி வந்திருக்காது.

முதலில் அந்த நூறு கிராம் கணக்கு

இரட்டைக் கட்டில் ரஜாய் வழக்கமாக 90 அங்குலத்துக்கு 108 அங்குலம். பரப்பு ஏறத்தாழ 6.25 சதுர மீட்டர். மேல்துணி, கீழ்த்துணி இரண்டும் சேர்த்தால் 12.5 சதுர மீட்டர். மிக மெல்லிய துணி, சதுர மீட்டருக்கு 60 கிராம்தான் என்று வைத்துக்கொண்டாலும் துணி மட்டுமே 750 கிராம் வந்துவிடும். ஆகவே, 'நூறு கிராம்' என்பது மொத்த எடையாக இருக்கவே முடியாது. உள்ளே வைத்த பஞ்சின் எடை என்று எடுத்துக்கொண்டால், ஒரு சதுர அடிக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அது ஏ.சி. அறைக்குப் போதும், ஊட்டிக்குப் போதாது.

ஒரு கிலோ பஞ்சை நாள்கணக்கில் அடித்து அடித்து, தூசும் துரும்பும் போய் நூறு கிராம் மிஞ்சியதும் அதை வைத்துத் தைத்தோம் என்று கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். கதை எப்படியோ, லக்கேஜ் எடை பார்க்கும் சின்னத் தராசு கையில் இருந்தால் ரஜாயைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பேரம் பேசுவதற்கும் அது உதவும்.

அந்தக் கதைக்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. நன்றாக அடித்த பஞ்சுதான் கதகதப்பைத் தரும். உடம்பைச் சூடாக வைத்திருப்பது பஞ்சு அல்ல, பஞ்சிழைகளுக்கு இடையே சிக்கிக்கொண்ட காற்று. இழை இழையாகப் பிரிந்து உப்பி நிற்கும் கொஞ்சம் பஞ்சு, அழுந்திப்போன நிறையப் பஞ்சைவிட அதிகக் காற்றைப் பிடித்துவைக்கும். ஜனவரி இரவுகளில் 8 டிகிரி வரை இறங்கும் ஊரில் இவ்வளவு லேசான போர்வையோடு தூங்க முடிவதன் ரகசியம் இதுதான்.

வில்லின் ஓசை

பஞ்சு அடிக்கும் வேலைக்கென்றே வட இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக வந்த சமூகங்கள் உண்டு. துனியா, பிஞ்சாரா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆந்திராவின் தூதேகுல சமூகத்தாரின் பெயருக்குள்ளேயே பஞ்சைக் குறிக்கும் தெலுங்குச் சொல் இருக்கிறது. தமிழிலும் 'பஞ்சு கொட்டுதல்' என்று இந்தத் தொழிலுக்குப் பெயர் உண்டு.

கருவி ஒரு பெரிய வில். ஆளுயரம் இருக்கும். அதன் நரம்பைப் பஞ்சுக் குவியலுக்குள் நுழைத்து, மரக்கட்டையால் தட்டுவார்கள். 'டன்ங்... டன்ங்' என்று நரம்பு அதிர, ஒட்டிக்கிடந்த பஞ்சு பிரிந்து மேகம்போல மேலே எழும்பும். கனமான தூசும் விதைத் துணுக்கும் கீழே உதிரும். தசராவும் தீபாவளியும் முடிந்து குளிர் எட்டிப்பார்க்கும் நாள்களில் தோளில் வில்லோடு தெருவில் நடப்பார்கள். ஓசை கேட்டதும் வீட்டுப் பெண்கள் பழைய ரஜாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மோட்டார் மெஷின் செய்கிறது. முள் பதித்த உருளை சுழன்று சில நிமிடங்களில் பிரித்துக் கொடுத்துவிடும். தூசு மட்டும் அதே தூசுதான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை நடக்கும்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் வாசலுக்குக் கொண்டு வந்த பழைய ரஜாயை. அதைத் துவைப்பதற்காக அவர்கள் எடுத்து வரவில்லை. தையலைப் பிரிப்பார்கள். பஞ்சு தனியாக வரும். அது வில்லுக்குப் போகும். உறைத்துணி தனியாக வரும், அதைத்தான் துவைப்பார்கள். காய்ந்த உறைக்குள், புதிதாக உப்பிய அதே பஞ்சு திரும்பப் போகும். கொஞ்சம் குறைந்திருந்தால் புதுப் பஞ்சு சேரும். மறுபடி தையல். ஒரு ரஜாய் இப்படித்தான் வருஷக்கணக்கில் வாழ்ந்தது. அது துவைப்பதற்காகத் தைத்த பொருளே அல்ல, பிரிப்பதற்காகத் தைத்தது.

தைக்கும் விதத்தைப் பார்த்தாலே இது புரியும். மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து மூன்று பக்கம் தைத்து, ஒரு பெரிய பையாக்குகிறார்கள். உள்பக்கம் வெளியே இருக்கும்படி அதைத் தரையில் விரித்து, அதன்மேல் பஞ்சைக் கையால் சீராகப் பரப்புகிறார்கள். பிறகு ஓரத்திலிருந்து பஞ்சோடு சேர்த்துப் பாய்போலச் சுருட்டி, திறந்த பக்கம் வழியாகப் புரட்டி எடுக்கிறார்கள். பிரிக்கும்போது பஞ்சு உள்ளே, பூப்போட்ட பக்கம் வெளியே! முதல் முறை பார்ப்பவருக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும். பிறகு மெல்லிய குச்சியால் மேலே தட்டித் தட்டிப் பஞ்சைச் சமமாக்கி, நாலாவது பக்கத்தையும் மூடி, ஊசி நூலோடு உட்காருகிறார்கள்.

கடைசிக் கட்டமான ஓட்டுத் தையலைப் பெரும்பாலும் பெண்கள்தான் போடுகிறார்கள், பலரும் வீட்டிலேயே. ஓரத்தில் ஆரம்பித்து வளைந்து வளைந்து நடுவை நோக்கிப் போகும் வரிசைகள். கூலி பீஸ் கணக்கில். கடையில் ரஜாயின் பூக்களைப் பார்க்கிறோமே தவிர, அந்த வரிசைகளை யாரும் பார்ப்பதில்லை. பஞ்சை இடம் நகராமல் பிடித்துவைத்திருப்பது அந்த நூல் மட்டும்தான்.

மெஷினுக்குள் என்ன ஆகிறது?

பஞ்சு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். ஒரு கிலோ பஞ்சு வைத்த ரஜாயை நனைத்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்த எடை முழுவதும் மெல்லிய நூலில் தொங்கும்போது நூல் அறுகிறது. மெஷின் சுழற்றும் சுழற்றில், வில்லால் பிரித்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டையாகின்றன. ஒரு மூலையில் மலை, இன்னொரு மூலையில் வெறும் துணி. உருண்டைகளின் நடுவே ஈரம் தங்கும். மூன்றாம் நாள் ஒரு வாடை வரும். வாசனைக்காக ஊற்றிய கம்ஃபர்ட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாக் கைத்தையல் போர்வைக்கும் இந்த விதி பொருந்தாது. வங்காளத்துக் காந்தாவையும், கர்நாடகத்தின் சித்தி மக்கள் தைக்கும் கவந்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் உள்ளே பஞ்சு கிடையாது. பழைய புடவை, வேட்டித் துணிகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டவை. அவற்றைத் தாராளமாகக் கையால் துவைக்கலாம். ஜெய்ப்பூர் கடைகளிலேயே கிடைக்கும் 'தோஹர்' அந்த இனம்தான். பஞ்சே இல்லாமல், மெல்லிய மல் துணியை மூன்று அடுக்காகச் சேர்த்தது. சென்னை, மதுரை வெயிலுக்கும் ராத்திரி ஏ.சி.க்கும் எது தோது என்று கேட்டால், ரஜாயைவிட தோஹர்தான். விற்பவர் இதை முதலில் எடுத்துக் காட்ட மாட்டார், விலை குறைவு.

சங்கானேர், பக்ரு: துணி வரும் இடம்

ரஜாய் வாங்கும் முன் அரை நாள் ஒதுக்க முடிந்தால் சங்கானேர் அல்லது பக்ரு போய் வரலாம். சங்கானேர் நகரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். ஜெய்ப்பூர் விமான நிலையமே அந்தப் பக்கம்தான். பக்ரு, அஜ்மீர் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டும் மர அச்சால் துணியில் பூப்போடும் சீப்பா சமூகத்தாரின் ஊர்கள். இரண்டு ஊர் அச்சுகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

சங்கானேரின் அடையாளம் வெள்ளைத் தரையில் மெல்லிய கோட்டுப் பூக்கள். பக்ருவில் மண் நிறங்கள். அங்கே துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைக்கிறார்கள். வெல்லத்தோடு துருப்பிடித்த பழைய இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்த கரைசலைக் கொண்டு அச்சுக் குத்தினால், கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. நம் ஊரில் அந்தக் காலத்தில் கடுக்காய் மை காய்ச்சிய அதே சூத்திரம். சிவப்புக்குப் படிகாரம். களிமண், சுண்ணாம்பு, கோந்து குழைத்த சேற்றைப் பூசி மறைத்துவிட்டு நீலத் தொட்டியில் முக்கினால், சேறு பட்ட இடம் மட்டும் நீலமாகாமல் தப்பிக்கும். அதற்கு 'டாபு' என்று பெயர்.

இது வெறும் பயணத் தகவல் இல்லை, வீட்டுப் பராமரிப்புக்கும் தேவை. வெள்ளைச் சட்டையில் துருக்கறை பட்டால் எலுமிச்சை தேய்த்து எடுக்கிறோம் இல்லையா? பக்ரு துணியின் கறுப்பும் இரும்புதான். அதன்மேல் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் பூவும் சேர்ந்து போகும். "வினிகரில் ஊறவைத்தால் சாயம் பிடிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் டிப்ஸை இந்தத் துணியிடம் காட்ட வேண்டாம். ப்ளீச்சிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மர அச்சு என்று சொல்லி ஸ்கிரீன் பிரின்ட்டை விற்பதும் நடக்கிறது. உற்றுப்பார்த்தால் தெரியும். கையால் குத்திய அச்சில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் துளி இடைவெளி கூடும், குறையும். வண்ணம் கோட்டைத் தாண்டி லேசாக வழுக்கியிருக்கும். எல்லாமே அச்சடித்த காலண்டர்போலப் பிசகில்லாமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

எதைத் தொட்டுப் பார்ப்பது?

மேல்துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைகளுக்கு நடுவே பஞ்சு முளைத்து வெளியே எட்டிப்பார்க்கும். மல், வாயில் துணிகள் உடம்புக்கு இதம். ஆனால், குழந்தைகள் இழுத்து விளையாடும் வீட்டில் கொஞ்சம் தடிமனான கேம்ப்ரிக் உழைக்கும். வெல்வெட் ரஜாய் கல்யாண போட்டோவுக்கு அழகு. அதை வாங்கினால் வாழ்நாள் முழுக்க டிரை கிளீனிங் செலவையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

உள்ளே இருப்பதுதான் முக்கியம். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டு ரஜாயின் அடியில் வைத்து நகர்த்துங்கள். வெளிச்சம் சீராக வந்தால் பஞ்சும் சீராக இருக்கிறது. திட்டுத்திட்டாக இருள் தெரிந்தால் கட்டி. கறுப்புப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் விதைத் துணுக்கு, சரியாக அடிக்காத பஞ்சு. தையல் வரிசைகளுக்கு இடையே நான்கு விரலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இடைவெளி கூடக்கூடப் பஞ்சு நகரும்.

பஞ்சு என்று சொல்லி பாலியஸ்டர் ஃபைபர் வைப்பது இப்போது சர்வசாதாரணம். தையல் ஓரத்தில் ஒரு சிட்டிகை உருவி, வீட்டுக்கு வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகும். கடையிலேயே தீக்குச்சி உரசினால் சண்டை வரும், வேண்டாம்!

பாலியஸ்டரைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாக முதியவர் இருக்கும் வீடு, தூசு அலர்ஜி உள்ளவர் இருக்கும் வீடு, இங்கெல்லாம் வாரா வாரம் துவைத்தே ஆக வேண்டும். அதற்கு மெஷினில் போட்டு, அன்று மாலையே உலர்ந்துவிடும் ஃபைபர் போர்வைதான் சரி. அதைச் சொல்லி விற்றால் தவறே இல்லை. பருத்தி என்று சொல்லி விற்பதுதான் தவறு. வியர்வையை உறிஞ்சும் குணம் அதற்குக் கிடையாது என்பதும், ஒரு முறை அழுந்திவிட்டால் வில்லால் அடித்து உயிர்ப்பிக்க முடியாது, குப்பைதான் என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

செய்ய வேண்டிய முதல் வேலை, ஓர் உறை தைப்பது. தலையணைக்கு உறை போடுகிறோம், ரஜாய்க்கு ஏன் கூடாது? பழைய மல் வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, ஒரு பக்கம் நாடாவோ பட்டனோ வைத்தால் போதும். உறையை வாரம் ஒரு முறை துவைக்கலாம். ரஜாய் வருஷத்துக்கு அழுக்காகாது.

மாதம் ஒரு முறை வெயில். காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு புரட்டிப்போட்டு இரண்டு மணி நேரம். உச்சி வெயில் சாயத்தைக் குடிக்கும் என்பதால் மேலே ஒரு பழைய மெல்லிய துணியை விரித்துவிடலாம். எடுக்கும்போது கையால் லேசாகத் தட்டினால் பஞ்சு மறுபடி உப்பும். துணி துவைக்கும் கட்டையால் ஓங்கி அடித்தால் தையல் நூல்தான் அறும்.

காபி கொட்டிவிட்டதா? அந்த இடத்தை மட்டும் உலர்ந்த துண்டால் அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கலக்கினால் வரும் நுரையை, நுரையை மட்டும், துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். ஈரம் பஞ்சுக்கு இறங்குவதற்குள் ஃபேனடியில் போட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால், நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

துவைக்காமல் வேறு வழியே இல்லை என்ற நிலை வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் வராமலா இருக்கும்? பெரிய அண்டாவில் குளிர்ந்த நீர், மிதமான திரவ சோப், ஐந்து நிமிடம், கையால் அழுத்தல் மட்டும். முறுக்கக் கூடாது. தண்ணீரிலிருந்து எடுக்கும்போது மூலையைப் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு பெட்ஷீட்டை நுழைத்து இருவராகத் தூளிபோலத் தூக்குங்கள். கொடியில் தொங்கவிட்டால் பஞ்சு முழுக்க அடிப்பக்கம் இறங்கிவிடும். கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். முழுதாக இரண்டு நாள் நல்ல வெயில் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் மட்டும் இறங்குங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ரஜாயை நனைப்பது துணிச்சல் அல்ல, வேறு பெயர்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே ஈரம் வேர்க்கும். பழைய பருத்திப் புடவையில் சுற்றி, வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து வைத்தால் போதும். காற்றை உறிஞ்சி அப்பளமாக்கும் வாக்யூம் பை ரயில் பயணத்துக்குச் சரி. ஆறு மாதம் அதிலேயே வைத்தால், வில் போட்டுப் பிரித்த பஞ்சைத் திரும்பவும் அழுத்திக் கட்டியாக்கியதாகிவிடும்.

மூன்று, நான்கு குளிர்காலம் போனதும் ரஜாய் தட்டையாகும். அப்போது அதைப் பிரிக்க வேண்டும். ஜெய்ப்பூர் வரை போக வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தையில் வளர்ந்த ஊர் நம்முடையது. மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்துத் திரும்ப நிரப்பித் தருகிறவர்கள் சின்ன ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஃபோம் மெத்தை வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது, "அண்ணே, இதைப் பிரிச்சு அடிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது பருத்தி, இலவம் பஞ்சைக் கலக்க வேண்டாம். இலவம் இழை வழுக்கும். மெல்லிய துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தையலைப் பிரிப்பதற்கு முன்னால் ரஜாயை முழுதாக விரித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவு வரிசைகளைப் பார்த்துத்தான் திரும்பப் போட முடியும். வீட்டில் யாருக்காவது ஓட்டுத் தையல் தெரியும் என்றால் நல்லது. தெரியாவிட்டால் கட்டம் கட்டமாக நேர்த்தையல் போட்டாலும் பஞ்சு நகராது. கனமான பருத்தி நூல், நீள ஊசி, நான்கு விரல் இடைவெளி.